காறலுக்குத் தடை: பாம்பன் கருவாடும் மண்டபத்துப் பாசியும்



இந்தக் கல்லூரியின் அறக்கட்டளைச் சொற்பொழிவில், உணவு ஆராய்ச்சியில் ஆன்டிஆக்சிடன்ட்கள், எண்ணெயின் தரம் என்ற இரண்டையும் சேர்த்துப் பேசச் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்ததுதான் எனக்குப் பிடித்தது. இன்று ஆன்டிஆக்சிடன்ட் என்றால் டீத்தூள் பொட்டலம், மாத்திரைக் குப்பி, முகப்பூச்சு விளம்பரம் என்றுதான் நினைவு ஓடுகிறது. எண்ணெயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் இந்தப் பொருள்கள் உணவு அறிவியலுக்குள் நுழைந்ததே எண்ணெய் கெடாமல் காக்கத்தான். மனித உடம்பைப் பற்றிய பேச்சு பின்னால் வந்தது. இராமநாதபுரம் மாவட்டத்தில் நின்று பேசுவதால், கூடுமானவரை இந்தக் கரையின் பொருள்களையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

வடைச்சட்டியில் எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்தால் ஒரு புகை கிளம்பும். கண் எரியும், தொண்டை கமறும். அந்தக் கமறலுக்கு முக்கியமான காரணம் அக்ரோலின் என்ற பொருள். முதல் உலகப்போரில் பிரெஞ்சுக்காரர்கள் இதே அக்ரோலினைக் கண்ணீர்ப்புகைக் குண்டில் நிரப்பிப் பார்த்தார்கள். வைத்திருந்தால் அது தானாகவே பிசினாக இறுகிப் பயனற்றுப் போயிற்று. இதைச் சரிசெய்யப் புறப்பட்ட ஷார்ல் மூரோவும் அவருடைய உதவியாளர் ஷார்ல் துஃப்ரேசும், ஹைட்ரோகுவினோனைத் துளியளவு சேர்த்தால் அக்ரோலின் காற்றோடு வினைபுரிவது நின்றுவிடுகிறது என்று கண்டார்கள். 1922 முதல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைகளில்தான் ஆன்டிஆக்சிடன்ட் என்ற கருத்து முறையாக உருப்பெற்றது. இன்று சிப்ஸ் பொட்டலத்தின் பின்பக்கம் ஐஎன்எஸ் 319 என்று பொடி எழுத்தில் இருக்கிறதே, அந்த டிபிஹெச்க்யூ அதே ஹைட்ரோகுவினோன் குடும்பத்துப் பிள்ளை. நம் நாட்டில் ஒரு கிலோ எண்ணெய்க்கு அதிகபட்சம் 200 மில்லிகிராம் சேர்க்கலாம் என்று வரம்பு இருக்கிறது. போர்க்களத்துக்குப் போனது சமையலறைக்கு வந்து சேர்ந்த கதை இது.

எண்ணெய் எப்படிக் கெடுகிறது என்ற விளக்கமும் சமையலறையில் பிறக்கவில்லை. 1940களில் இங்கிலாந்தில் ரப்பர் ஏன் வெடித்துப் போகிறது என்று ஆராய்ந்த போலண்டும் ஜீயும் தந்தது அது. கொழுப்பமிலச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஹைட்ரஜன் கழன்றுபோனால், அங்கே ஒரு ஃப்ரீ ராடிகல் உண்டாகும். அது ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு அடுத்த மூலக்கூற்றின் ஹைட்ரஜனைப் பறித்துப் பெராக்சைடாக மாறும். பறிகொடுத்தது இன்னொன்றைப் பறிக்கும். ஊரில் வதந்தி பரவுவது போலத்தான். முதலில் யார் சொன்னது என்று தேடுவதற்குள் தெரு முழுக்கப் போயிருக்கும். தடுப்பானாக, அதாவது ஆன்டிஆக்சிடன்டாகச் செயல்படும் பீனால் வகைப் பொருள், தன் ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டு, கேட்டதைப் பிறரிடம் சொல்லாமல் அடங்கிவிடும். அது முழுவதும் தீர்ந்ததும் பரவல் மறுபடி தொடங்கும். ஆகவே தடுப்பான் எண்ணெய்க்கு ஆயுளைக் கூட்டும், அவ்வளவே. கெட்ட எண்ணெயை எந்தத் தடுப்பானாலும் நல்ல எண்ணெயாக மாற்ற முடியாது. இதை மாணவர்கள் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். கடையில் விற்கிறவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

இரட்டைப் பிணைப்பு எத்தனை என்பதைப் பொறுத்தே ஆபத்து. அதை அளக்க அயோடின் மதிப்பு இருக்கிறது. தேங்காய் எண்ணெய்க்கு அது 7.5இலிருந்து 10 வரை. கடலை எண்ணெய்க்கு 85 முதல் 99. நல்லெண்ணெய்க்கு 103 முதல் 120. தேங்காய் எண்ணெய் காற்றின் தாக்குதலை எளிதில் தாங்குவதற்கு இதுதான் காரணம். வேறு மகிமை எதுவும் தேவையில்லை. மீன் எண்ணெய் இந்த வரிசையின் மறுகோடியில் நிற்கிறது. அதிலுள்ள ஈபிஏ என்ற கொழுப்பமிலத்தில் ஐந்து இரட்டைப் பிணைப்புகள், டிஹெச்ஏவில் ஆறு. இதயத்துக்கு நல்லது என்று மருத்துவர்கள் சொல்கிற ஒமேகா-3 கொழுப்புகள் இவைதாம். எண்ணெய்களிலேயே விரைவில் காறிப்போகிறவையும் இவைதாம். நன்மையும் கேடும் அதே இரட்டைப் பிணைப்பில் உட்கார்ந்திருக்கின்றன.

காற்றோடு சேர்ந்து இறுகும் இந்தக் குணத்தை நம் கரைக்காரர்கள் பழுதாக மட்டும் பார்க்கவில்லை. மர வள்ளத்துக்கு மீன் எண்ணெய் பூசும் வழக்கம் இங்கே உண்டு. பூசிய எண்ணெய் காற்றை வாங்கி இறுகி, பலகைமேல் மெல்லிய தோலாகப் படிந்து, நீர் ஊறாமல் காக்கிறது. சட்டியில் கேடாக இருப்பது பலகையில் காப்பாக இருக்கிறது. வேதியியல் ஒன்றுதான். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு அடித்தளமிட்ட ஃபிரெடரிக் நிக்கல்சன் மலபார்க் கரையில் மத்தி எண்ணெயைச் சீராக எடுக்கும் சோதனைகளை நடத்தினார். மீன் அழுகுமுன் காய்ச்சினால் எண்ணெய் வெளிறிய நிறத்தில் கிடைக்கும், அழுகவிட்டால் கறுக்கும் என்பதே அந்தச் சோதனைகளின் சாரம். நூறாண்டு கழித்தும் மீன் எண்ணெயின் முதல் விதி அதுதான்.

மத்தியை நம் பக்கத்தில் பேச்சாளை என்பார்கள். மேற்குக் கரையின் மீன் என்று பெயர்பெற்ற இது 1980களின் இறுதியிலிருந்து கிழக்குக் கரையிலும் பெருவாரியாகக் கிடைக்கிறது. அதன் உடலில் கொழுப்பு எவ்வளவு என்பதைப் பருவம் தீர்மானிக்கிறது. மெலிந்த காலத்தில் சில விழுக்காடுதான் இருக்கும். கொழுத்த காலத்தில் பதினைந்தையும் தாண்டும். அப்போது பிடித்த பேச்சாளை குழம்புக்கு அமிர்தம், கருவாட்டுக்குச் சோதனை.

பாம்பன் பக்கம் கடற்கரையில் கருவாடு காயும் இடத்துக்கு மாணவர்கள் ஒருமுறை போய் நின்று பார்க்க வேண்டும். சிறு மீனைப் பெரும்பாலும் குடல் எடுக்காமல் முழுதாகவே பரப்புகிறார்கள். முதல் நாள் வெள்ளி மினுக்கம் அப்படியே இருக்கும். வெயில் ஏறஏற வயிற்றுப் பக்கம் தளர்ந்து சில மீன்கள் வெடிக்கும். தோலுக்கடியில் இருந்த எண்ணெய் கசிந்து மேலே வரும். விரலால் தொட்டால் பிசுக்கென்று ஒட்டும். நாள் போகப்போக அந்த எண்ணெய்ப் படலம் மஞ்சளாகி, பிறகு துருவின் நிறத்துக்குப் போகும். எண்ணெய் சிதைந்து வரும் பொருள்கள் மீனின் புரதத்தோடு கூடுவதால் உண்டாகும் நிறம் அது. விற்கிற பெண்கள் அதைக் கையிலெடுத்துச் செவுளோரம் முகர்ந்து பார்த்துவிட்டு, இது தேறாது என்று தனியே தள்ளிவிடுவார்கள். எங்கள் ஆய்வகக் கருவிகள் சொல்வதற்கு வெகு முன்பே அவர்கள் மூக்கு சொல்லிவிடும். தள்ளப்பட்டது கோழித்தீவனத்துக்குப் போகும், பாதி விலைக்கும் குறைவாக.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பச்சைமீன் வரத்து சுருங்கும் அந்த நாள்களில்தான் கருவாட்டுக்கு நல்ல விலை. அதாவது, இரண்டு மூன்று மாதம் தாங்கும் கருவாடுதான் காசாகும். தாங்குமா தாங்காதா என்பதை முடிவுசெய்வது பெரும்பாலும் எண்ணெய்தான். ஈரத்தையும் பூஞ்சையையும் உப்பும் வெயிலும் பார்த்துக்கொள்ளும். காறலை அவற்றால் தடுக்க முடியாது. சொல்லப்போனால் இரண்டும் காறலுக்குத் துணைபோகின்றன.

உப்பு எப்படித் துணைபோகும் என்று கேட்கலாம். உப்பே எண்ணெயின் சிதைவைத் தூண்டக்கூடியது. அதோடு, கழுவாத உப்பில் இரும்பும் செம்பும் நுண்ணளவில் இருக்கும். மீன் இரத்தத்தில் இயல்பாகவே இரும்பு உண்டு. இந்த உலோகங்கள் எண்ணெயில் உண்டான பெராக்சைடுகளை உடைத்துப் புதிய ராடிகல்களை உருவாக்கும். இவற்றில் செம்புதான் மோசம். சுத்திகரித்த எண்ணெயில் செம்பு கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தரம். கோடியில் ஒரு பங்கு! பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசாமல் சமைக்காதே என்று நம் பாட்டிமார் வைத்த கட்டுப்பாடு புளிக்கு மட்டுமல்ல, எண்ணெய்க்கும் பொருந்தும்.

இந்த மாவட்டத்து வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பு வளாகம் இருக்கிறது. அங்கே அயோடினோடு இரும்பும் செறிவூட்டிய உப்பு தயாராகி, சத்துணவுக் கூடங்களுக்குப் போகிறது. இரும்பு சேர்த்தால் உணவின் கொழுப்பு கெடாதா? நியாயமான சந்தேகம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வகுத்த முறையில் இரும்பைக் கட்டிவைக்க ஒரு பாலிபாஸ்பேட் சேர்க்கப்படுகிறது. உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதும் ஒருவகைத் தடுப்புதான். ராடிகலை அணைப்பது ஒரு வழி, தீ மூட்டுகிறவனின் கையைக் கட்டுவது இன்னொரு வழி. கருவாட்டைப் பொறுத்தவரை இரண்டாவது வழிதான் அதிகம் பயன்தரும் என்பது என் கருத்து. ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது முதல் வழி.

இங்கே கொஞ்சம் நல்லெண்ணெய்ப் பக்கம் ஒதுங்கிக்கொள்கிறேன். இராமநாதபுரத்து மீன்குழம்பை நல்லெண்ணெய் இல்லாமல் நினைக்க முடியாது. அயோடின் மதிப்பு 103க்கு மேல் உள்ள எண்ணெய் சீக்கிரம் காற வேண்டும். ஆனால் எள் எண்ணெய் மாதக்கணக்கில் நிற்கிறது. காரணம் அதனுள்ளேயே இருக்கும் காவலர்கள்: காமா டோகோஃபெரால், செசமின், செசமோலின். இதில் செசமோலின் வேடிக்கையானது. சும்மா இருக்கும்போது பெரிய வீரமெல்லாம் காட்டாது. எள்ளை வறுத்தாலோ எண்ணெயைக் காய்ச்சினாலோ உடைந்து செசமால் என்ற பீனாலாக மாறும். அது வலுவான தடுப்பான். வெப்பத்தில் மற்ற எண்ணெய்கள் காவலை இழக்கும்போது நல்லெண்ணெய் ஒரு காவலை உண்டாக்கிக்கொள்கிறது.

அதே செசமால் ஒரு காலத்தில் போலீஸ் வேலையும் பார்த்தது. நெய்யில் வனஸ்பதியைக் கலந்து விற்பதைக் கண்டுபிடிக்க, வனஸ்பதி தயாரிப்பவர்கள் அதில் 5 விழுக்காடு நல்லெண்ணெய் சேர்க்கவேண்டும் என்று அரசு விதித்தது. கலப்பட நெய்யோடு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃப்யூராலும் சேர்த்துக் குலுக்கினால் ரோஜா நிறம் வரும். போடுவான் சோதனை என்று உணவு வேதியியல் படித்தவர்களுக்குத் தெரியும். அந்த நிறத்துக்குக் காரணம் செசமால். உணவுச் சட்டத்தில் இத்தனை அழகான வேதியியலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

செக்கில் எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டுவார்கள். பனை நிறைந்த இந்த மாவட்டத்தில் அதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. செக்கு எண்ணெய் நல்லதா என்று எல்லாக் கூட்டங்களிலும் கேட்கிறார்கள். புதிதாக ஆட்டி, தெளியவைத்து, ஈரமில்லாமல் நிழலில் வைத்தால் நல்லது. கண்ணாடிக் குப்பியில் ஊற்றி வெயில்படும் அலமாரியில் அழகுக்கு அடுக்கி வைத்தால் நல்லதல்ல. ஒளியும் பச்சையமும் சேர்ந்தால் ஒற்றை ஆக்சிஜன் என்ற வீறுகொண்ட வடிவம் உண்டாகும். சாதாரண ஆக்சிஜனைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேலான வேகத்தில் அது எண்ணெயைத் தாக்கும். செக்கா மில்லா என்ற சண்டையைவிட, எந்தக் குப்பி, எந்த அலமாரி என்பது முக்கியம்.

இனி மண்டபத்துக்கு வருகிறேன். 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1949 முதல் 1971 வரை மண்டபம் முகாமில்தான் தலைமையகம் வைத்திருந்தது. பிறகு கொச்சிக்கு மாறினாலும் மையம் இங்கே தொடர்கிறது. பவநகரிலுள்ள மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி ஆராய்ச்சி நிலையமும் மண்டபத்தில் இருக்கிறது. கப்பாஃபைகஸ் பாசியை மூங்கில் தெப்பங்களில் கட்டி வளர்க்கும் தொழில் இக்கரையில் பரவியதற்கு அந்த நிலையத்தின் பணி அடிப்படை. அதற்கு முன்பிருந்தே பெண்கள் கண்ணாடி கட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் எடுத்து வருகிறார்கள். மரிக்கொழுந்து அகர் தயாரிக்க. கட்டக்கோரை என்பது சார்காஸம், ஆல்ஜினேட்டுக்கு. கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிகளில் ஃப்ளோரோடானின் என்ற பீனால்களும் ஃபுக்கோசாந்தின் என்ற நிறமியும் இருக்கின்றன. கடுமையான வெயிலில் ஆழமில்லாத நீரில் வாழும் உயிருக்குத் தன்னைக் காத்துக்கொள்ள அவை வேண்டியிருக்கின்றன.

ஆகவே பாசிச் சாறு ஆராய்ச்சியாளர்களைக் கவர்ந்ததில் வியப்பில்லை. மண்டபத்தில் சேகரித்த பாசி என்று தொடங்கும் முனைவர் பட்ட ஆய்வேடுகள் தமிழ்நாட்டில் எத்தனையோ. அவற்றில் பலவற்றை மதிப்பீட்டாளனாகப் படித்திருக்கிறேன். அமைப்பு மாறுவதில்லை. பாசியை உலர்த்திப் பொடித்து மெத்தனாலில் ஊறவைப்பார்கள். டிபிபிஹெச் என்ற ஊதாக் கரைசலில் சாற்றை விடுவார்கள். 1958இல் பிளாய்ஸ் தந்த முறை அது. ஊதா மஞ்சளாகும். 517 நானோமீட்டரில் ஒளியளந்து, இத்தனை விழுக்காடு ராடிகல் அணைந்தது, ஆகவே இந்தப் பாசி சிறந்த ஆன்டிஆக்சிடன்ட், உணவிலும் மருந்திலும் பயன்படுத்தலாம் என்று முடிப்பார்கள்.

இந்த 'ஆகவே'யில்தான் எனக்கு உடன்பாடில்லை. டிபிபிஹெச் எந்த உணவிலும் இல்லாத ராடிகல். மெத்தனாலில் எண்ணெய் இல்லை, இரும்பு இல்லை, வெயில் இல்லை, மூன்று மாதம் இல்லை. அரைமணி நேரத்தில் முடிகிற சோதனை அது. தடுப்பானின் வேலை அது எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. தூய எண்ணெயில் நீரை நாடும் தடுப்பான் நன்றாக வேலை செய்யும், நீரோடு கலந்த எண்ணெயில் கொழுப்பை நாடும் தடுப்பான் நன்றாக வேலை செய்யும் என்று வில்லியம் போர்ட்டர் 1980களில் சொன்ன முரண் உணவு வேதியியலில் பிரபலம். பின்னால் வந்தவர்கள் அதற்கு விதிவிலக்குகள் கண்டார்கள். ஆனால் இடம் முக்கியம் என்ற அடிப்படை மாறவில்லை. இன்னொன்று: வடிகட்டாத பாசிச் சாற்றில் பச்சையமும் உலோகங்களும் சேர்ந்தே வரும். வெயிலில் காயும் மீனில் அதைத் தடவினால் காறலைக் கூட்டவும் கூடும். இரும்புள்ள இடத்தில் வைட்டமின் சியும் அப்படித்தான். ஆல்ஃபா டோகோஃபெரால் அளவு மீறினால் எண்ணெயில் எதிர்வேலை செய்வதும் தெரிந்ததே.

ஆன்டிஆக்சிடன்ட் என்றாலே உடம்புக்கு நல்லது என்று முடிவுகட்டுவதன் ஆபத்தையும் உலகம் பார்த்தது. பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களுக்கு நடத்திய ஆய்வின் முடிவு 1994இல் வந்தபோது, பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. உணவுகளின் ஆன்டிஆக்சிடன்ட் திறனைப் பட்டியலிட்ட ஓராக் தரவுத்தளத்தை அமெரிக்க வேளாண்துறை 2012இல் விலக்கிக்கொண்டது. அந்த எண்களுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை, நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்துகின்றன என்பதுதான் காரணம். நம் ஆய்வேடுகள் அந்தச் செய்தியை இன்னும் கேள்விப்படாததுபோல் எழுதப்படுகின்றன.

பொரிக்கும் எண்ணெய்க்கு வந்தால் நிலைமை இன்னும் தெளிவு. இராமேஸ்வரத்தில் யாத்திரிகர் கூட்டம் ஓயாத வீதிகளில் பஜ்ஜிச் சட்டிகள் காலை முதல் இரவு வரை காய்கின்றன. பிஹெச்ஏ, பிஹெச்டி போன்ற செயற்கைத் தடுப்பான்கள் அந்தச் சூட்டில் ஆவியோடு போய்விடும். அங்கே கணக்கு, எண்ணெய் சிதைவதால் சேரும் மொத்த முனைவுப் பொருள்கள்தாம். 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கருவி இல்லாவிட்டாலும் அறிகுறி உண்டு. பொரிக்கும்போது நுரை அடங்காது. எண்ணெய் கறுத்துத் தடிக்கும். முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே புகையும். டிபிஹெச்க்யூ என்றால் அலறுகிறவர்கள் அந்தச் சட்டி வடையை இரண்டாக வாங்கிச் சாப்பிடுகிறார்கள். எனக்குக் கவலை தருவது 200 மில்லிகிராம் அல்ல, அந்தச் சட்டி.

ஆய்வுக்கு வரும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெராக்சைடு மதிப்பு காணும் சோதனை உங்கள் எல்லோருக்கும் தெரியும். எண்ணெயை அசிட்டிக் அமிலமும் குளோரோஃபார்மும் கலந்த கரைப்பானில் கரைத்து, பொட்டாசியம் அயோடைடு சேர்த்து, ஒரு நிமிடம் இருட்டில் வைக்கிறோம். பெராக்சைடு எவ்வளவோ அவ்வளவு அயோடின் வெளிவரும். அதைத் தயோசல்ஃபேட்டால் தரம்பார்க்கிறோம். ஸ்டார்ச்சின் நீலம் மறையும் இடம் முடிவு. மீன் எண்ணெய்க்குக் கோடெக்ஸ் 2017இல் வைத்த வரம்பு கிலோவுக்கு 5 மில்லிஈக்விவலன்ட். ஒரு எச்சரிக்கை: பெராக்சைடு ஏறும், பிறகு உடைந்து இறங்கும். எண் குறைவாக வந்தால் எண்ணெய் புத்தம் புதிதாக இருக்கலாம், அல்லது படுகிழமாக இருக்கலாம். அதனால்தான் பெராக்சைடு உடைந்து வரும் பொருள்களைக் காட்டும் அனிசிடின் மதிப்பையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அதற்கு வரம்பு 20.

அடுத்த ஆய்வேட்டுக்கு மெத்தனாலை விட்டுவிட்டுப் பேச்சாளையை எடுங்கள். ஒரு பகுதியை இப்போது வழக்கமான முறையில் மணலில் காயவையுங்கள். ஒரு பகுதியைக் குடல் நீக்கி, கழுவிய உப்பிட்டு, தட்டியில் உயர்த்திக் காயவையுங்கள். இன்னொரு பகுதியில் கட்டக்கோரைச் சாற்றைத் தடவுங்கள். மூன்றையும் மூன்று மாதம் வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்து வாருங்கள். பாசிச் சாறு தோற்று, வெறும் தட்டியும் கழுவிய உப்புமே வென்றால், அதையும் அப்படியே எழுதுங்கள். என் கணிப்பு அதுதான். தவறென்று காட்டினால் மகிழ்வேன். முடிவைப் பாம்பனிலும் மண்டபத்திலும் கருவாடு விற்கும் பெண்களுக்குத் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் இதழுக்கு அனுப்புங்கள். இதற்கு வேண்டிய பியூரெட்டும் அயோடைடும் ஸ்டார்ச்சும் இந்தக் கல்லூரி ஆய்வகத்திலேயே இருக்கின்றன.